கால்வேயில் மூன்று நாள்: முதன்முறை போகும் இருவருக்கு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கோரிப் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது கால்வே. ரயில் நிலையத்திலிருந்து ஆற்று முகத்துவாரம் வரை நிதானமாக நடந்தாலே பதினைந்து நிமிடம்தான். ஊர் இவ்வளவு சிறியது என்பதால் பலர் அதை இரவுத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒருநாள் மோஹர் என்ற கடலோரச் செங்குத்துப் பாறைகள், மறுநாள் கொனிமாரா என்ற மலையும் ஏரியுமான பகுதி, அடுத்த நாள் தீவு என்று பேருந்திலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். மாலை களைத்துத் திரும்பும்போது உணவகங்களில் அடுப்பை அணைக்கும் நேரம் நெருங்கியிருக்கும். கால்வேயின் சிறப்பே அதன் தெருவும் மாலை நேர இசையும். அவற்றை விட்டுவிட்டுச் சுற்றிலும் இருப்பதை மட்டும் பார்த்துத் திரும்புவது பெரிய இழப்பு.

இந்தக் கட்டுரையின் திட்டம் எளிமையானது. மூன்று இரவு தங்குங்கள். இரண்டு பகல் ஊருக்கு, ஒரு பகல் வெளியே. வெளியே போகும் பகல் எது என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்யாதீர்கள். அங்கே இறங்கி, வானிலை முன்னறிவிப்பைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அட்லாண்டிக் காற்று உங்கள் அட்டவணைக்குக் கட்டுப்படாது.

எந்த மாதம்

மே, ஜூன், செப்டம்பர் முதல் பாதி. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும். அதனால் சாப்பாடு முடிந்த பிறகும் கடற்கரையில் நடக்க வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அப்போது போகிறவர்கள் பகல் நேரத்தைப் பாதியாகக் கணக்கிட வேண்டும்.

ஜூலையில் இரண்டு வாரம் கலைவிழா நடக்கும். அது முடிந்த கையோடு, ஜூலை கடைசியில் குதிரைப் பந்தய வாரம் தொடங்கும். கலைவிழாவுக்காகப் போவதென்றால் மிக நல்லது, ஆனால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். பந்தய வாரத்தில் பந்தயத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் போக வேண்டாம். அறை வாடகை பல மடங்காகும், நல்ல உணவகங்களில் இருவர் உட்கார மேசை கிடைக்காது. செப்டம்பர் கடைசியில் சிப்பித் திருவிழா. 1954 முதல் நடந்துவரும் இந்த விழாவுக்கும் கூட்டம் வரும், ஆனால் சமாளிக்கலாம்.

விசா

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. ஐரோப்பியப் பயணத்தின் நடுவில் கால்வேயைச் சேர்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அயர்லாந்தின் குறுகிய கால விசா தனியாகத் தேவை. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கணவன் மனைவியாகப் போனாலும் ஆளுக்கொரு விண்ணப்பம். திருமணச் சான்றிதழின் நகலை இரண்டிலும் வையுங்கள். செலவை ஒருவர் ஏற்பதானால் அதை ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதி, அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தை இரண்டு கோப்பிலும் சேருங்கள்.

இந்த இரண்டில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டத்தின் குறிப்போடு விசா வந்தால், ஒரே விசாவில் இரண்டு நாடுகளையும் பார்க்கலாம். விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது நிபந்தனை. இலங்கைப் பாஸ்போர்ட் இந்தத் திட்டத்தில் இல்லை.

வந்து சேர்வது

கால்வேக்கு நேரடியாக வரும் பயணிகள் விமானம் கிடையாது. டப்ளின் விமான நிலையத்தில் இறங்கி, வாசலிலேயே கால்வே பேருந்தைப் பிடிப்பதுதான் சுலபம். சிட்டிலிங்க், கோபஸ் என்று இரண்டு நிறுவனங்கள் நேரடிப் பேருந்து விடுகின்றன. பயணம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இருக்கையை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் மாணவர்கள் ஊர் போய் வரும் நேரம், வண்டி நிரம்பிவிடும். விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் பேருந்துக்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள். விசாவில் வருபவர்களுக்குக் குடிநுழைவு வரிசை நீளமாக இருக்கும்.

டப்ளினில் ஓரிரு நாள் இருந்துவிட்டு வருபவர்களுக்கு ரயில் நல்லது. ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். முன்பே இணையத்தில் வாங்கினால் கட்டணம் குறைவு. டப்ளினில் கானலி என்ற இன்னொரு பெரிய நிலையம் உண்டு, அங்கே போய் நின்றால் கால்வே ரயில் வராது. ஷானன் விமான நிலையத்தில் இறங்கினால் 51ஆம் எண் பேருந்து நேரே கால்வேக்கு வரும்.

வாடகைக் கார் வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் கால்வேயின் நெரிசலில் கார் உதவாது, நிறுத்தக் கட்டணம் அதிகம், கொனிமாராவின் கிராமச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் கல்சுவரை உரசி நிற்க வேண்டும். கட்டாயம் எடுப்பதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். டப்ளினைச் சுற்றிப் போகும் எம்50 சாலையில் சுங்கச்சாவடி இருக்காது. எண் பலகையைப் படம் பிடித்துவிடும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்தில் கட்டணம் கட்டாவிட்டால் அபராதம் சேரும். பல வாடகை நிறுவனங்கள் இதைத் தாங்களே கட்டிவிடும், சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை

ஏர் ஸ்கொயர் பூங்காவைச் சுற்றி, அல்லது அதற்குக் கிழக்கே கல்லூரிச் சாலையில் உள்ள காலை உணவோடு கூடிய விடுதிகளில் தங்குங்கள். ரயிலும் பேருந்தும் பக்கத்தில். கல்லூரிச் சாலையில் இரவு அமைதி, ஊருக்குள் நடக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கீ ஸ்ட்ரீட்டில் அறை எடுத்தால் நடுநிசி தாண்டியும் ஜன்னலுக்குக் கீழே பாட்டுக் கேட்கும். தூக்கம் முக்கியமென்றால் அங்கே வேண்டாம், அல்லது பின்பக்க அறை கேளுங்கள். கடல் பார்த்து எழ விரும்புவோர் சால்ட்ஹில் போகலாம், 401ஆம் எண் பேருந்து ஏர் ஸ்கொயரிலிருந்து போகிறது. ஊருக்கு வெளியே சாலையோர ஹோட்டல் மலிவாகத் தெரியும். ஒவ்வொரு இரவும் டாக்சிக்காகக் காத்திருந்து கொடுக்கும் பணத்தைச் சேர்த்தால் அந்த மலிவு காணாமல் போகும்.

பதிவு செய்யும்போது ‘டபுள்’ என்றால் இருவருக்கு ஒரே கட்டில், ‘ட்வின்’ என்றால் இரண்டு ஒற்றைக் கட்டில். பழைய வீடுகளில் டபுள் கட்டில் ஒடுக்கமாக இருக்கும், ‘கிங்’ என்று போட்டிருந்தால் தாராளம். மின்செருகி பிரிட்டனில் உள்ள அதே மூன்று தட்டைக்கால் வகை. இந்தியாவின் உருண்டைக்கால் செருகி நுழையாது, அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன வைப்பது என்பதற்கு ஒரே விதி: குடை வேண்டாம், தலைமூடி உள்ள மழைச்சட்டை வேண்டும். மழை பக்கவாட்டில் வரும் ஊர் இது, காற்றில் குடை திரும்பிக்கொள்ளும். ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டை, பிடிமானம் உள்ள மூடிய காலணி ஒரு ஜோடி.

முதல் நாள்: ஊரைக் கால்நடையாக

ஏர் ஸ்கொயரில் தொடங்குங்கள். நடுவில் உள்ள பூங்காவுக்கு ஜான் கென்னடியின் பெயர். 1963 ஜூனில் அமெரிக்க அதிபராக அவர் இங்கே வந்து பேசினார். பக்கத்து ஏர் ஸ்கொயர் வணிக வளாகத்துக்குள் ஒருமுறை நுழையுங்கள். இடைக்கால நகர மதிலின் ஒரு நீண்ட துண்டு, கோபுரங்களோடு, கடைகளுக்கு நடுவே நிற்கிறது. கூரைக்குக் கீழே இருப்பதால் மழையிலும் பார்க்கலாம்.

அங்கிருந்து வில்லியம் ஸ்ட்ரீட், ஷாப் ஸ்ட்ரீட், ஹை ஸ்ட்ரீட், கீ ஸ்ட்ரீட் என்று ஒரே கோடாக ஆற்றை நோக்கித் தெரு இறங்கும். பெரும்பகுதி நடப்பவர்களுக்கு மட்டுமே. ஷாப் ஸ்ட்ரீட் தொடக்கத்தில், சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் முகப்பில் கேடயச் சின்னங்கள் செதுக்கிய கட்டடம் லிஞ்ச் கோட்டை. இப்போது அது வங்கி. இடைக்காலத்தில் கால்வேயை ஆண்ட பதினான்கு வணிகக் குடும்பங்களில் லிஞ்ச் குடும்பம் ஒன்று. அண்ணாந்து பார்த்தால்தான் சிற்பங்கள் தெரியும், பெரும்பாலோர் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சற்றே வலப்புறம் திரும்பினால் புனித நிக்கலஸ் தேவாலயம். 1320இல் கட்டியது, இன்றும் வழிபாடு நடக்கிறது. கொலம்பஸ் இங்கே பிரார்த்தித்தார் என்று செவிவழிக் கதை உண்டு. தேவாலயத்தை ஒட்டிய சந்தில் வாரக்கடைசிச் சந்தை, சனிக்கிழமைதான் முழு வீச்சில் இருக்கும். உங்கள் மூன்று நாளில் சனி வருமாறு பார்த்துக்கொண்டால் மிக நல்லது. காலை பத்தரைக்குப் போனால் எல்லாக் கடையும் திறந்திருக்கும், நெரிசலும் குறைவு. மதியம் ஒரு மணிக்குப் போனால் வரிசையில் நிற்கத்தான் நேரம் இருக்கும். சில கடைகள் ரொக்கம் மட்டும் வாங்கும், இருபது யூரோவைச் சில்லறையாக வைத்திருங்கள்.

கீ ஸ்ட்ரீட் முடிவில் ஆறு. அதன் கரையில் 1584இல் கட்டிய ஸ்பானிஷ் ஆர்ச், நகர மதிலின் நீட்சி. பின்னாலேயே நகர அருங்காட்சியகம், நுழைவு இலவசம், திங்களன்று மூடியிருக்கும். உள்ளே தொங்கும் ‘கால்வே ஹூக்கர்’ படகைப் பாருங்கள். கறுத்த உடலும் செம்பழுப்புப் பாயும் கொண்ட இந்தப் படகுகள்தான் ஒரு காலத்தில் தீவுகளுக்குச் சரக்குக் கொண்டுபோயின. வெயில் அடித்தால் ஊரே ஆற்றங்கரைப் புல்லில் வந்து உட்காரும். நீங்களும் உட்காருங்கள், ஆனால் கரை விளிம்பில் காலைத் தொங்கவிட வேண்டாம். கோரிப் வேகமான ஆறு, தண்ணீர் கோடையிலும் உறைய வைக்கும். பொது இடத்தில் மது அருந்துவது இங்கே தடை, மற்றவர்கள் கையில் குப்பி இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மாலை வரை நேரம் இருந்தால் ஆற்றோரமாக மேல்நோக்கி நடந்து, சால்மன் வீர் பாலத்துக்குப் போங்கள். மே முதல் ஜூலை வரை, வெயில் உள்ள நேரத்தில், தெளிந்த நீரில் கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் மீன்கள் எதிர்நீச்சலில் நிற்பதைப் பார்க்கலாம். பழைய பாலத்தில் நடைபாதை ஒடுக்கம். 2023இல் திறந்த, நடப்பவர்களுக்கான புதுப் பாலம் ஒட்டியே இருக்கிறது, அங்கே நின்று பாருங்கள். எதிரே பச்சைக் குவிமாடத்தோடு நிற்பது பேராலயம். பழைய சிறை இருந்த இடத்தில் கட்டி 1965இல் திறந்தார்கள். உள்ளே ஒரு துணைக்கூடத்தில் கென்னடியின் மொசைக் உருவம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

மோதிரம் வாங்குவதானால் முதல் நாளே

கிளாடா மோதிரம் இந்த ஊரின் பொருள். ஆற்றின் மறுகரையில் இருந்த கிளாடா மீனவர் குடியிருப்பின் பெயரால் வழங்குகிறது. இரண்டு கை ஒரு இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே கிரீடம். கை நட்புக்கு, இதயம் காதலுக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. அணியும் முறையிலும் வழக்கம் உண்டு. வலக்கையில் இதயத்தின் கூர்முனை விரல்நுனியை நோக்கினால் தனி ஆள், மணிக்கட்டை நோக்கினால் மனம் கொடுத்தவர். இடக்கையில் முனை விரல்நுனியை நோக்கினால் நிச்சயமானவர், மணிக்கட்டை நோக்கினால் மணமானவர்.

முதல் நாளே ஏன்? அளவு சரியில்லாவிட்டால் திருத்த ஓரிரு நாள் கேட்பார்கள். கடைசி நாள் வாங்கினால் திருத்த நேரம் இருக்காது. குளிரில் நடந்துவந்த உடனே விரலை அளக்கக் கொடுக்காதீர்கள். விரல் சுருங்கியிருக்கும், வாங்கிய மோதிரம் நம் ஊர் வெயிலில் இறுகும். கடைக்குள் கால் மணி நேரம் இருந்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வளையம் முழுவதும் பின்னல் வேலை உள்ள மோதிரத்தைப் பெரும்பாலும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது, ஆகவே அதில் அளவு முதல் தடவையே சரியாக இருக்க வேண்டும்.

நம் வீட்டு நகைக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான். நாம் 22 காரட்டை, அதாவது 916ஐ, எதிர்பார்ப்போம். இங்கே கடையில் இருப்பவை பெரும்பாலும் 9, 14, 18 காரட். உள்பக்கத்தில் முறையே 375, 585, 750 என்று எண் இருக்கும், வெள்ளிக்கு 925. எண்ணோடு செய்தவர் முத்திரையும், அமர்ந்த பெண் உருவமான ஹைபர்னியா முத்திரையும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கேட்டுப் பாருங்கள். டப்ளின் ஆய்வகம் சோதித்ததற்கு அடையாளம் அந்தப் பெண் உருவம். நினைவுப்பொருள் கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முலாம். கீ ஸ்ட்ரீட்டில் உள்ள தாமஸ் டில்லன்ஸ் 1750 முதல் இருக்கும் கடை, உள்ளேயே பழைய மோதிரங்களின் சிறு காட்சி உண்டு. வாங்காவிட்டாலும் பார்க்கலாம்.

மாலை: பப்பும் இசையும்

கால்வேக்குப் போய் ‘செஷன்’ கேட்காமல் திரும்பாதீர்கள். பப்பின் ஒரு மூலை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து வயலின், புல்லாங்குழல் வகை, அக்கார்டியன், பவுரான் என்ற தோல்வாத்தியம் எல்லாம் சேர்த்து வாசிப்பதுதான் செஷன். மேடை இல்லை, ஒலிபெருக்கி பெரும்பாலும் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்று ஊட்டும் இலன் பைப்ஸ் வாசிப்பவர் இருந்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள். அந்த வாத்தியக் கலை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

எங்கே போவது? மெயின்கார்ட் ஸ்ட்ரீட்டில் டீ கோலி, ஷாப் ஸ்ட்ரீட்டில் டாஃப்ஸ். இரண்டிலும் மாலையிலேயே ஒரு செஷன் தொடங்கும், இரவு இன்னொன்று. மாலைச் செஷனுக்கு அரை மணி முன்னால் போனால் இருவருக்கு இடம் கிடைக்கும், இரவு ஒன்பதரைக்குப் போனால் நிற்கத்தான் முடியும். கூட்டம் வேண்டாம், இசையை உன்னிப்பாகக் கேட்க வேண்டும் என்றால் பாலம் தாண்டி ஸீ ரோட்டில் உள்ள க்ரேன் பார் போங்கள். ஊரின் மிகச் சிறந்த கேட்பவர்கள் அங்கேதான் கூடுவார்கள். கிராஸ் ஸ்ட்ரீட் முனையில் நீல வண்ணத்தில் இருக்கும் டீ நாக்டன் 1894 முதல் உள்ளது. மழை நாளில் உள்ளே அடுப்பு எரியும் சிறு அறைகளில் இருவர் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல இடம் இல்லை.

சில முறைகள் உண்டு. இசைக்காரர்களைச் சுற்றியுள்ள காலி நாற்காலிகள் பிந்தி வரும் இசைக்காரர்களுக்கானவை, உட்காராதீர்கள். இரண்டு மூன்று மெட்டுகளை இடைவெளியின்றி ஒன்றோடொன்று கோத்து வாசிப்பார்கள். மெட்டு மாறும் இடத்தில் கைதட்டாமல், முழுதாக நின்றதும் தட்டுங்கள். வாத்தியம் ஓய்ந்து யாராவது தனியாகப் பாடத் தொடங்கினால் அறையே அமைதியாகும், நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். கச்சேரியில் பாடகர் விருத்தம் எடுக்கும்போது நாம் காட்டும் மரியாதையே இங்கும் போதும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

பப்பில் யாரும் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்கள். கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, நீங்களே எடுத்துவர வேண்டும். கின்னஸ் என்ற கறுப்பு பியரைக் கேட்டால் முக்கால் கோப்பை ஊற்றி ஓரமாக வைப்பார்கள். நுரை அடங்கிய பிறகு நிரப்புவார்கள். மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், அதுதான் முறை. ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், ஆறு யூரோவை ஒட்டி இருக்கும். மது அருந்தாதவர் தயங்கவே வேண்டாம். மதுவில்லாத பியர், எலுமிச்சைச் சாறு கலந்த சோடா, தேநீர் எல்லாம் சாதாரணமாகக் கேட்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கழிவறைக் கதவில் ஐரிஷில் எழுதியிருந்தால் எஃப் எழுத்தில் தொடங்குவது ஆண்களுக்கு, எம் எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் நேர்மாறாக நினைத்து நுழைபவர்கள் ஏராளம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பப் நள்ளிரவு வரை திறந்திருந்தாலும் சமையலறை ஒன்பது மணியை ஒட்டி மூடிவிடும். முதலில் சாப்பாடு, பிறகு இசை. இரவு ஏழு மணிக்கு இருவருக்கான மேசையை அன்று காலையே சொல்லி வையுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்குக் கடல் உணவுச் சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் போதும், மதியச் சாப்பாடு முடிந்தது. கீ ஸ்ட்ரீட் கீழ்முனையில் மெக்டோனாஸ் கடையில் மீனும் உருளை வறுவலும் பொட்டலமாக வாங்கி ஆற்றங்கரைக்குப் போகலாம், கடற்பறவைகள் கையிலிருந்தே பறிக்கும், கவனம். உள்ளூர்த் தட்டைச் சிப்பி செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான். மற்ற மாதங்களில் தட்டில் வருவது பசிபிக் வகை.

சைவர்கள் ‘வெஜிடபிள் சூப்’ என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம், கோழி எலும்புச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். வறுவலை எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விடுதிக் காலை உணவில் வரும் கறுப்பு வட்டத் துண்டு பன்றி இரத்தத்தில் செய்தது. ஓட்ஸ் கஞ்சி, முட்டை, சோடா ரொட்டி என்று முதல் நாள் இரவே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள்.

தீவு நாள்

இனி வெளியே போகும் நாள். அரன் தீவுகளில் பெரியதான இனிஷ் மோர்தான் எங்கள் தேர்வு. மோஹர் பாறைகள் உயரமானவை, 214 மீட்டர் வரை, ஆனால் அங்கே கூட்டத்தோடு நின்று பார்த்துத் திரும்புவீர்கள். தீவில் இருவராகச் சைக்கிளில், கல்சுவர்களுக்கு நடுவே, ஒரு முழுப் பகல் உங்களுடையது.

நாளைத் தேர்வு செய்யும் முறை: ஊரில் இறங்கிய அன்று மாலை, மெட் ஏரன் என்ற அரசு வானிலைச் சேவையில் அடுத்த இரண்டு நாள் காற்றைப் பாருங்கள். மழையைவிடக் காற்று முக்கியம். மழையிலும் படகு ஓடும், பலத்த காற்றில் ஓடாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை இருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். காற்று குறைந்த நாளுக்கு உடனே இணையத்தில் சீட்டு வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் வாரக்கடைசியில் மட்டும் சீட்டு தீர்ந்துபோகும் அபாயம் உண்டு, அப்போது சற்று முன்பே வாங்கத்தான் வேண்டும்.

படகு கால்வே ஊரிலிருந்து அல்ல, மேற்கே ஏறக்குறைய 37 கிலோமீட்டரில் உள்ள ரோஸவீல் துறையிலிருந்து கிளம்பும். கோடையில் ஊர்த் துறைமுகத்திலிருந்தே ஒரு படகு உண்டு, ஆனால் கடலில் ஒன்றரை மணி நேரம். ரோஸவீலிலிருந்து நாற்பது நிமிடம்தான். படகுச் சீட்டோடு ஊரிலிருந்து துறைக்குப் போகும் பேருந்துச் சீட்டையும் சேர்த்து வாங்குங்கள். இது தனிக் கட்டணம். படகை மட்டும் வாங்கிவிட்டு ஏர் ஸ்கொயரில் நின்று விழிப்பவர்கள் உண்டு. வழக்கமாகக் காலைப் படகு பத்தரையை ஒட்டி, அதற்கான பேருந்து அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால். எந்தத் தெருவில் ஏற வேண்டும் என்பது சீட்டில் இருக்கும், முதல் நாள் நடக்கும்போதே அந்த இடத்தைப் பார்த்து வையுங்கள். குமட்டல் வருபவர்கள் மாத்திரையைப் பேருந்தில் ஏறும்போதே போடுங்கள், படகில் ஏறிய பின் போட்டால் பயனில்லை.

கில்ரோனன் துறையில் இறங்கியதும் சைக்கிள் வாடகைக் கடைகள் எதிரேயே இருக்கும். வாங்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், இருக்கை உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவர்கள் மின்சைக்கிள் எடுக்கலாம். ஓட்டவே தெரியாதவர்களுக்குச் சுற்றுலா வேன்களும் குதிரை வண்டிகளும் அங்கேயே நிற்கும். ஏறும் முன் விலையையும், கோட்டையில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

போகும்போது கடலோரத் தாழ்வான சாலை. கில்மர்வி வரை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், நின்று பார்த்துப் போனால் ஒரு மணி நேரம். நடுவில் கடல்நாய்கள் பாறைகளில் படுத்திருக்கும் இடம் வரும், நீர் வற்றிய நேரத்தில்தான் நன்றாகத் தெரியும். கில்மர்வியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, சூப்போ சாண்ட்விச்சோ சாப்பிட்டு, நுழைவுச் சீட்டு வாங்கி டூன் எங்கஸ் கோட்டைக்கு ஏறுங்கள். தூரம் குறைவு, இருபது நிமிடம், ஆனால் கடைசிப் பகுதி கரடுமுரடான சுண்ணாம்புப்பாறை. ஈரமானால் வழுக்கும். சாதாரணச் செருப்போடு ஏறவே வேண்டாம்.

மேலே, மூவாயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கிய கல்கோட்டை. அரைவட்ட மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வந்து, நேராகப் பாறை விளிம்பில் முடிந்துவிடும். அதற்கப்பால் ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே கடல். கைப்பிடி வேலி கிடையாது. விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளியே நில்லுங்கள். இருவரும் சேர்ந்து செல்ஃபி எடுக்க முதுகைக் கடலுக்குக் காட்டிப் பின்னால் நகர்வதுதான் இங்கே மிக ஆபத்தான செயல். காற்று விட்டு விட்டு அடிக்கும், அமைதியாக இருக்கிறதே என்று நம்ப முடியாது.

திரும்பும்போது உள்சாலை, ஏற்றம் உண்டு, ஆனால் தூரம் குறைவு. மாலைப் படகு ஐந்து மணிக்கென்றால் மூன்றரைக்குக் கில்மர்வியை விட்டுக் கிளம்புங்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கவும் துறையில் வரிசை நிற்கவும் நேரம் வேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு தீவில்தான், கோடையில் அறை கிடைப்பதும் கடினம்.

இரண்டு நாளும் காற்று மோசமானால் தீவை விட்டுவிட்டுக் கொனிமாரா பேருந்துச் சுற்றுலா எடுங்கள். மேகம் சூழ்ந்தாலும் மலையும் ஏரியும் அழகு குறையாது. மோஹர் அப்படியில்லை, மூடுபனி வந்தால் வெள்ளைத் திரைதான் தெரியும். கொனிமாராச் சுற்றுலாவில் கைல்மோர் மடம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மிட்செல் ஹென்றி என்பவர் 1860களின் இறுதியில் மனைவி மார்கரெட்டோடு வாழக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. மார்கரெட் 1874இல் இறந்த பிறகு ஏரிக்கரையில் மனைவி நினைவாக ஹென்றி ஒரு சிறிய கோதிக் தேவாலயம் எழுப்பினார். பேருந்து நிற்கும் நேரம் குறைவாக இருந்தால் மாளிகையின் உள்ளறைகளை விட்டுவிட்டு அந்தத் தேவாலயம் வரை நடந்து வாருங்கள்.

மூன்றாம் நாள்: சால்ட்ஹில்

ஸ்பானிஷ் ஆர்ச்சிலிருந்து பாலம் தாண்டி, கிளாடா வழியாக, கடலை இடப்புறம் வைத்து நடங்கள். கடலில் குதிப்பதற்கான பிளாக்ராக் கோபுரம் வரை நிதானமாக ஒரு மணி நேரம். வளைகுடாவின் அக்கரையில் சாம்பல் நிறத்தில் தெரிவது கிளேர் மாவட்டத்தின் பர்ரன் சுண்ணாம்புக் குன்றுகள். நடை முடியும் இடத்தில் உள்ளூர்க்காரர்கள் சுவரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள், நீங்களும் தட்டுங்கள்.

கோபுரத்திலிருந்து குதிக்க ஆசைப்பட்டால் கடல்நீர் உயர்ந்த நேரம் பார்த்தே போக வேண்டும், வற்றிய நேரத்தில் ஆழம் போதாது. ஆகஸ்டிலும் நீர் 16 டிகிரியை ஒட்டித்தான். குதிக்கும் முன் படிக்கட்டில் இறங்கி ஒரு நிமிடம் நீரில் நின்று உடலைப் பழக்குங்கள், திடீர்க் குளிரில் மூச்சு திணறும். நீந்தத் தெரியாதவர் இறங்கவே வேண்டாம். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்திலேயே அட்லாண்டகுவேரியா மீன்காட்சியகம். திரும்ப 401 பேருந்து. ஊரில் மிடில் ஸ்ட்ரீட்டில் சார்லி பர்ன்ஸ் புத்தகக் கடையில் மீதிப் பகலைக் கழிக்கலாம்.

கிளம்பும் நாள்

டப்ளினிலிருந்து விமானம் என்றால் புறப்படும் நேரத்திலிருந்து ஏழு மணி நேரம் பின்னோக்கி எண்ணி அதற்குரிய பேருந்தைப் பிடியுங்கள். மூன்று மணி நேரம் சாலைக்கு, மூன்று மணி நேரம் விமான நிலையத்துக்கு, ஒரு மணி நேரம் நெரிசலுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் மோதிரத்துக்கான வரியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே படிவம் கேட்டு நிரப்பி வாங்கியிருக்க வேண்டும். மோதிரத்தையும் ரசீதையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும்.